ஆறு காட்டிய ஆறு

மடு என்ற ஊர்ப்பெயரைக் கேளாத தமிழர் இலங்கையில் இலர் எனலாம். சமயபேதமின்றிப் பலரும் சென்று வணங்கும் மருதமடு மாதாவின் திருப்பதி அது. ஆயினும், "மடு என்னுஞ் சொல்லின் பொருள் யாது?" என்று வகுப்பில் வினவினால் மாணவர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பர். "ஆற்றில் ஆழமான இடம் மடு. மருதமரம் நின்ற மடு மருதமடு. அதுவே மடு எனக் குறுகி வழங்குகிறது" என்று நானே விடை கூறிக் கரும்பலகையில் எழுதிவிட்டு, அடுத்த சொல்லுக்குச் செல்வது என் வழக்கம். இவ்வாறு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்தன.

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில், அருவியாற்றின் கற்படுகையிலே ஒரு பழைய வண்டியில் அமர்ந்திருந்தபோதுதான் ஓர் உண்மை எனக்கு விளங்கிற்று. அச்சொல்லை எழுத எனக்குத் தெரியும். அப்பொருளைக் கண்டால் இன்னதென்று அறியத் தெரியாது. அந்த அறியாமையால் மூன்று உயிர்களுக்கு இடர் விளைவிக்கவும் பார்த்தேன். அக்கதையை மறையாது சொல்லிவிடுதலே முறை.

மன்னார்ப் பகுதியின் கத்தோலிக்க நாட்டுக்கூத்துகள் வடபாங்கு, தென்பாங்கு என இருவகைப்பட்டு வழங்குவதைக் கூத்தறிந்தோர் அறிவர். ஆற்றுக்குத் தெற்கே, காட்டோரத்துச் சிற்றூர் ஒன்றில், முதிய அண்ணாவியார் ஒருவரிடம் பழைய கூத்துக் கொப்பி ஒன்று கறையானுக்குத் தப்பிக் கிடப்பதாகக் கேள்வியுற்றேன். பெருவீதி வழியே சுற்றிச் செல்வதாயின் பகற்பொழுதில் பாதி கழிந்துவிடும். குஞ்சுக்குளத்துத் தொங்குபாலமோ நடப்போருக்காகக் கட்டப்பெற்றது. வண்டிக்கு அதில் இடமில்லை. கோடை முதிர்ந்த காலமாதலின் ஆற்றையே குறுக்கே கடந்துவிடலாம் என்று நண்பரொருவர் ஒரு சாரதியை அமர்த்தித் தந்தார்.

அந்தச் சாரதிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கலாம். அவருடைய தந்தையார் மாட்டுவண்டிக்காரர்; மடுத் திருவிழாவுக்கு யாத்திரிகரை ஏற்றிச் சென்றவர். வண்டியை ஊரார் ஜீப் என்று அழைத்தாலும் அது உண்மையில் ஒரு பழைய லாண்ட் றோவர். இரண்டாம் உலகப் போரிலே அமெரிக்கர் படைக்கு உதவிய ஜீப்பைப் பார்த்து, 1948 ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் உழவர்க்கென வெளியிட்ட வண்டியினம் அது. போரின்பின் உருக்குத் தட்டுப்பாடு நிலவியதால் அதன் உடலை அலுமினியக் கலவையால் ஆக்கினர். மன்னாரின் உப்புக்காற்று அந்த உடலை அரிக்கவில்லை. உருக்காலான அடிச்சட்டத்தை மட்டும் அரித்திருந்தது. சாரதியோடு அவருடைய மருமகனான சிறுவன் ஒருவனும் வந்தான்.

அது மடு, ஐயா!

அருவியாறு என்று நாம் வழங்குவதைச் சிங்களர் மல்வத்து ஓயா என்பர். மகாவமிசம் கூறும் கடம்பநதி இதுவே. அநுராதபுரத்தைத் தழுவி வடமேற்காக ஓடி மன்னார்க் கரையிலே கடலோடு கலக்கும் இவ்வாறு 164 கிலோமீற்றர் நீளமுடையது. இலங்கையில் மகாவலிக்கு அடுத்த நீளம் இதற்கே உரியது. தேக்கம் என்னுமிடத்தில் அணையால் மறிக்கப்பட்டுக் கட்டுக்கரைக் குளத்தை நிரப்புவதும் இதுவே. மாதோட்டத்து வயல்களுக்குச் சோறூட்டும் தாய் என்று இதனைச் சொல்லலாம். ஆனால் இதன் பெருமையெல்லாம் ஐப்பசி முதல் தை வரைதான். வடகீழ்ப் பருவமழை ஓய்ந்தபின் மெல்ல மெலிந்து, ஆடி ஆவணியில் கல்லும் மணலுமாய்க் கிடக்கும்.

நாங்கள் சென்றபோதும் அவ்வாறே கிடந்தது. இருகரையிலும் மருதமரங்கள் வெளிறிய அடிமரங்களோடு ஓங்கி நின்றன. கரைக்குக் கீழே யானை படுத்தாற்போலக் கரும்பாறைகள், அவற்றினிடையே உருண்ட கற்களும் தட்டைக் கற்களும், அங்கங்கே மணற்புட்டிகள். இவற்றுக்கூடாக நீர் சலசலத்து, சிறு சிறு கால்களாய்ப் பிரிந்து ஓடிக்கொண்டிருந்தது.

சாரதி வண்டியைக் கரையிலேயே நிறுத்தினார். செருப்பைக் கழற்றினார். "ஐயா, கொஞ்சம் இருங்கோ. நடந்து பாத்திட்டு வாறன்" என்று ஒரு கோலை எடுத்துக்கொண்டு இறங்கினார். கல்லுக்குக் கல் காலால் அழுத்திப் பார்த்தார். கோலால் நீரைக் குத்திப் பார்த்தார். அக்கரைக்குச் சென்று ஏறுகரையை நெடுநேரம் நோக்கினார். கால்மணி நேரம் சென்றது. எனக்குப் பொறுமை குன்றிற்று. கொப்பியைப் பார்த்துப் பொழுது சாயுமுன் திரும்பவேண்டுமே என்ற கவலை.

அப்போது என் கண்ணில் ஓரிடம் பட்டது. சற்று மேலே, ஆறு வளையுமிடத்தில், கல்லே தென்படவில்லை. நீர் கண்ணாடிபோல் அசைவற்று, மருதநிழல் படிந்து, மட்டமாய்க் கிடந்தது. அவர் திரும்பி வந்ததும், "தம்பி, இந்தக் கல்லுக்குள் ஏன் வருந்துகிறீர்? அதோ அங்கே மட்டமாயிருக்கிறதே, அவ்வழியே இறக்கினால் இரண்டு நிமிடத்தில் அக்கரை சேரலாமே" என்றேன். நான் சொன்னதோடு நிற்கவில்லை; பொழுது போகிறது என்று இருமுறை வற்புறுத்தவும் செய்தேன்.

அவர் நகைக்கவில்லை. "அது மடு, ஐயா" என்றார்.

பின்பு சிறுவனைப் பார்த்துக் கண்காட்டினார். அவன் வண்டியிற் கிடந்த நீண்ட மூங்கிற் கழியை எடுத்துச் சென்று, கரைப்பாறையில் நின்றவாறே அந்த நீருள் இறக்கினான். கழி இறங்கியது, இறங்கிக்கொண்டேயிருந்தது, அவன் கை நீரைத் தொட்டபோதும் அடி தட்டுப்படவில்லை.

"சத்தம் போடுற தண்ணி முழங்காலுக்கு மேலே வராது, ஐயா. சத்தமில்லாத தண்ணிக்குத்தான் பயப்பட வேணும். ஆறெல்லாம் வத்தினாலும் இது வத்தாது."

முப்பதாண்டாகக் கரும்பலகையில் எழுதிய சொல் என் கண்முன்னே நீராய்க் கிடந்தது. அதனை நான் வழி என்று காட்டினேன். 'ஆழமறியாமற் காலை விடாதே' என்ற பழமொழியை எத்தனை பிள்ளைகளுக்குக் கட்டுரைத் தலைப்பாகக் கொடுத்திருப்பேன்!

இதன் காரணத்தை அறிவது எளிது. வளைவிலே பாயும் வெள்ளம் வெளிப்புறக் கரையை விரைந்து மோதி அடியைக் குடைகிறது. உட்புறத்தில் வேகங் குன்றி மணலை இடுகிறது. குடையப்பட்ட பள்ளத்தில் நீர் ஆழ்ந்து அமைதியுறும். நேரே ஓடுமிடத்தில் கற்கள் பரந்து கிடக்கும். அவற்றின்மேல் நீர் மெலிந்து பரவும், ஒலிக்கும். ஆகவே கரடான இடம் ஆழமற்றது. மட்டமான இடம் ஆழமுடையது. பெரிய அருவியெதனாலும் பெயர்பெறாத இவ்வாற்றுக்கு அருவியாறு என்ற பெயர் எவ்வாறு வந்ததென்று முன்பு ஐயுற்றதுண்டு. கல்லிடையே ஒலிக்கும் இந்தக் கோடை நீரைக் கேட்டவர் இட்ட பெயராகலாம் என்று அன்று எண்ணினேன்.

கற்படுகையிற் சில்லு

நீரிறங்குமுன் சாரதி செய்தவை ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. முதலில் ரயர்களின் காற்றைக் குறைத்தார். 30 இறாத்தல் இருந்ததை 20 அளவுக்குக் கொணர்ந்தார். காற்று நிறைந்த ரயர் கல்லின்மேற் பந்துபோல் துள்ளும்; சற்றுத் தளர்ந்த ரயர் கல்லைத் தழுவிப் பற்றும். மணலாயின் இன்னும் குறைக்கலாமாம். கல்லில் மேலுங் குறைத்தால் பக்கச்சுவர் கிழிந்துபோகும்.

அடுத்து, நான்கு சில்லுகளும் இழுக்கும்படி மாற்றி, தாழ்கியரில் இட்டார். அந்தக் கியரில் வண்டி மனிதன் நடக்கும் வேகத்தினும் மெதுவாகவே நகரும். இறக்கத்தில் பிறேக்கை மிதிக்கவேண்டியதில்லை, எஞ்சினே பிடித்துக்கொள்ளும். கிளச்சிலிருந்து காலை முற்றாக எடுத்துவிட்டார். "மெதுவாய்ப் போக வேணும், நிக்கக் கூடாது" என்பது அவர் கூறிய சூத்திரம்.

சுக்கானைப் பற்றிய அவருடைய கைகளில் பெருவிரல்கள் உள்ளே மடங்காமல் விளிம்பின்மேற் கிடந்தன. முன்சில்லு கல்லில் இடறினால் சுக்கான் வெடுக்கென்று சுழலும். உள்ளே மாட்டிய பெருவிரல் முறிந்துபோகும்.

ஒரு பெருங்கல் எதிர்ப்பட்டது. அதனை இரு சில்லுகளுக்கும் நடுவே விட்டுச் செல்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ சில்லைக் கல்லின் உச்சியிலேயே ஏற்றினார். வண்டியின் அடியில், அச்சின் இடையே, பல்லுச்சக்கரங்களைக் கொண்ட இரும்புக் குடமொன்று தொங்குகிறது. சாரதிமார் அதனை டிபரன்சல் என்பர். வண்டியின் அடிப்பாகத்தில் மிகத் தாழ்ந்தது அதுவே. கல்லை நடுவே விட்டால் அக்குடம் மோதி உடையும். சில்லைக் கல்லின்மேல் ஏற்றினால் அதுவும் உடன் உயரும். இடரை விலக்குவதாய் எண்ணி நடுவே விடுபவன் வண்டியை இழப்பான்.

இன்னுமொன்று காட்டினார். படுகையின் தட்டைக் கற்கள் ஒழுங்கின்றிக் கிடப்பதாக எனக்குத் தோன்றியது. உற்றுப் பார்த்தால், ஓடு வேய்ந்தாற்போல, ஒன்றன்மேலொன்று சாய்ந்து, மேல்விளிம்புகள் நீர் செல்லும் திசையை நோக்கிக் கிடந்தன. வெள்ளம் தன் போக்குக்கு இசையக் கிடத்திய கிடை அது. மேலிருந்து கீழ்நோக்கிச் சரிவாய் வந்தால் சில்லு வழுவழுவென ஏறிச்செல்லும். கீழிருந்து எதிர்த்து வந்தால் விளிம்புகளிற் தட்டிக் கல்லைப் பெயர்க்கும். நீர் வற்றிப்போன பழைய படுகைகளிலும், ஆறு எத்திசையில் ஓடிற்றென்பதை நிலவியலறிஞர் இக்கிடையைக் கொண்டே துணிவர். பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்போடு நின்றுவிட்டதாகச் சொன்ன அம்மனிதர், அதே எழுத்தை அதே முறையிற் படித்துக்கொண்டிருந்தார்.

இத்தனை கவனத்துக்குப் பின்னும் நடு ஆற்றில் வண்டி நின்றது. முன்புற இடச்சில்லும் பின்புற வலச்சில்லும் ஒரே வேளையில் தரையை விட்டு எழும்பின. எஞ்சின் உறுமியது, எழும்பிய சில்லுகள் வீணே சுழன்றன, தரையில் நின்றவை அசையவில்லை. "நான்கு சில்லும் இழுக்கும் வண்டி ஏன் நிற்கிறது?" என்றேன். டிபரன்சலின் குணம் அதுவாம். வளைவில் திரும்பும்போது ஒரு சில்லு விரைவாகவும் மற்றது மெதுவாகவும் சுழல இடந்தருவதற்காக அமைந்த அப்பொறி, தடையின்றிச் சுழல்வதற்கே சுழற்சியை விட்டுக்கொடுத்துவிடும். அந்தரத்தில் நிற்கும் சில்லு எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள, பாரம் தாங்குவது வறிதே நிற்கும். (இது வண்டிகளுக்கு மட்டும் உரிய குணமா என்று நினைத்துக்கொண்டேன், வெளியே சொல்லவில்லை.)

அவர் எஞ்சினை மேலும் உறுமவிடவில்லை. இறங்கி, அலவாங்கால் ஒரு கல்லைப் பெயர்த்து, எழும்பிய சில்லின் கீழே அடுக்கத் தொடங்கினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் கல் சுமந்தேன். இரண்டாங் கல்லோடு பாசியில் வழுக்கி, நீரில் அமர்ந்தேன். எழும்போது எனக்கு நினைவில் வந்தது மலைபடுகடாம். நன்னனைக் காணச் செல்லும் கூத்தருக்கு வழிகூறும் அந்நூலிலே, நுண்ணிய பாசி படர்ந்து அடி தளரச்செய்யும் வழுக்கிடங்களைப் பற்றிய எச்சரிக்கை உண்டு. எத்தனையோ முறை பாடஞ்சொன்ன பகுதி. அதனை அன்றுதான் முழுதுங் கற்றேன்.

கல் அடுக்கியபின் வண்டி ஒருமுறை முனகி, ஏறி, நகர்ந்தது. அக்கரை சேர்ந்ததும் சாரதி பிறேக்கை மெல்ல மெல்ல மிதித்தவாறே சிறிது தூரம் ஓட்டினார். நனைந்த பிறேக் பிடிக்காது; உராய்ந்து சூடேறினால்தான் உலரும் என்றார்.

முன்னோர் சென்ற வழி

மருதநிழலில் இளைப்பாறினோம். அப்போது அவர் தம் தந்தையாரைப் பற்றிப் பேசினார். "அப்புவுக்கு இந்தக் கஷ்டமில்லை, ஐயா. மாட்டுக்கு ஆறு தெரியும். எஞ்சினுக்குத் தெரியாது. அதனாலே நாங்கள் தெரிஞ்சிருக்க வேணும்."

ஆறு என்னுஞ் சொல்லுக்கு நதி என்றும் வழி என்றும் இருபொருள் உண்டென்பதை நிகண்டு கற்ற சிறுவனும் அறிவான். வழிப்பறி செய்வோர் ஆறலைகள்வர் எனப்பட்டதும், பரிசில் பெற்றவன் பெறாதவனை வழிப்படுத்தும் பாட்டு ஆற்றுப்படை எனப்பட்டதும் இரண்டாவது பொருளால். பத்துப்பாட்டிற் செம்பாதி ஆற்றுப்படைகளே. நதிக்கும் நெறிக்கும் ஒரே சொல் அமைந்தது ஏனென்று நூல்களில் நான் தேடியதுண்டு. அடர்ந்த காட்டு நாட்டிலே மரமில்லாத நெடுவெளி ஆற்றுப்படுகை ஒன்றே என்பதை, அந்தக் காட்டின் ஓரத்தில் அமர்ந்திருந்தபோது கண்ணாரக் கண்டேன். சொற்பிறப்புக்கு இதுவே காரணமென்று நான் சாதிக்க வரவில்லை. ஆயினும் வன்னியிலே ஆறே ஆறாயிருந்தது என்பது மெய்.

அதற்குச் சான்றாக ஒரு வரலாறும் உண்டு. ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ் 1660 இல் கண்டியரசனாற் சிறைப்பட்டு, ஏறத்தாழ 20 ஆண்டுகள் இந்நாட்டில் அடைபட்டிருந்தார். 1679 இல் தோழரொருவருடன் தப்பியோடியபோது, அநுராதபுரத்தை அடைந்து, அங்கிருந்து இந்த மல்வத்து ஓயாவின் போக்கையே துணையாகக் கொண்டு காட்டினூடே நடந்தார். யாரிடமும் வழி வினவ இயலாத அவருக்கு ஆறே வழிகாட்டிற்று. அவ்வாண்டு ஒக்டோபர் 18 ஆம் நாள் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். மாரி தொடங்கி வெள்ளம் வருமுன் அவர் கடந்துவிட்டது அவருடைய நற்பேறு. 1681 இல் வெளியான அவருடைய நூலை வரலாற்று மாணவர் இன்றும் படிக்கின்றனர்.

மடுவின் வரலாறும் ஆற்றோடு பிணைந்தது. 1658 இல் மன்னாரைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கினர். மாந்தையிலிருந்த மாதாவின் திருவுருவத்தை 1670 இல் இருபது குடும்பத்தினர் எடுத்துக்கொண்டு மருதமடுக் காட்டுக்குட் புகுந்தனர் என்பது மரபு. இன்றுள்ள கோயிலுக்கு 1872 இல் அடிக்கல் இடப்பட்டது. திருவுருவத்துக்கு 1924 ஆம் ஆண்டு ஆடி 2 இல் முடிசூட்டப்பெற்றது. மடுவின் இருபெருந் திருவிழாக்களும் ஆடி 2 இலும் ஆவணி 15 இலும் வருகின்றன. இரண்டும் ஆறுகள் வற்றிய காலம். தெற்கேயிருந்து புத்தளம் வழியாக வருவோர் கலா ஓயா, மோதரகம் ஆறு, அருவியாறு ஆகிய மூன்றையும் கடந்தாக வேண்டும். வில்பத்துக் காட்டினுள்ளே பள்ளக்கண்டல் அந்தோனியார் கோயில் அந்தப் பழைய யாத்திரையின் நினைவாக இன்றும் நிற்கிறது. திருநாட்கள் திருச்சபையால் வகுக்கப்பட்டவை. ஆயினும் அவை மார்கழியில் வந்திருந்தால் மாட்டுவண்டிகள் மடுவை அடைந்திருக்க மாட்டா.

1914 இல் தலைமன்னாருக்குப் புகையிரதம் ஓடத் தொடங்கியது. யாத்திரிகர் மடு றோட் நிலையத்தில் இறங்கலாயினர். பின்பு பேருந்துகள் வந்தன. ஆற்றுத்துறைகளை அறிந்தவர் குறைந்தனர். போர் மூண்டபோது 1990 இல் புகையிரதம் நின்றது. 2013 இலேதான் மடு றோட்டுக்கு மீண்டும் வந்தது. அந்த இடைக்காலத்தில் பல்லாயிரவர் மடுக்கோயில் வளவில் அடைக்கலம் புகுந்தனர். 1999 கார்த்திகையில் எறிகணை வீழ்ந்து அங்கேயே உயிரிழந்தோர் பலர். 2008 இல் திருவுருவமே தேவன்பிட்டிக்குப் புலம்பெயர்ந்து, அவ்வாண்டிலேயே மீண்டது. ஆறு வற்றும்போது மீனெல்லாம் மடுவிலே ஒடுங்கி மாரியை எதிர்நோக்கிக் கிடக்கும். அந்த ஊருக்கு அப்பெயர் பொருந்திற்று என்பதைவிட அதிகம் சொல்ல நா எழவில்லை.

குறுக்கே போகலாம்; நெடுக ஓடலாகாது

இக்காலத்தில் ஆற்றுப்படுகையில் வண்டி ஓட்டுதல் ஒரு விளையாட்டாகவும் ஆகியிருக்கிறது. மேல்நாடுகளில் அதற்கெனச் சங்கங்களும் பந்தயங்களும் உண்டு. நம் நாட்டு இளைஞரும் வலிய வண்டிகளைக் கொண்டுவந்து, நீரைக் கிழித்து ஓட்டிப் படம் பிடித்துச் செல்கின்றனர். இளமைக்கு வீரவிளையாட்டு வேண்டுமென்பதை மறுப்பவன் அல்லேன். அதனைப் பற்றிச் சாரதியிடம் கேட்டேன். அவர் தம் தந்தையார் சொன்ன விதியொன்றைச் சொன்னார்: "ஆத்தைக் குறுக்கே கடக்கலாம், நெடுக ஓடக் கூடாது."

எண்ணிப் பார்த்தால் இதனைவிடச் சிறந்த விதியைச் சட்டமும் வகுத்தல் அரிது. துறையிலே குறுக்கே கடப்பவன் சில பாக தூரம் மட்டுமே படுகையை மிதிக்கிறான். நெடுக ஓடுபவன் மடுவுக்கு மடு கலக்குகிறான். கோடையில் மீனும் ஆமையும் எஞ்சியிருப்பது அந்த மடுக்களில். முதலை ஒதுங்குவதும், காட்டு விலங்கு இரவில் நீரருந்த வருவதும் அங்கேதான். எஞ்சினிலிருந்து சொட்டும் எண்ணெய் ஓடும் நீரிற் கரைந்து போகலாம். தேங்கிய மடுவில் மாரி வரும்வரை மிதக்கும். மணலை அள்ளிச் செல்வோர் ஆற்றுக்குச் செய்யும் கேடு பெரிதுதான்; அதனைக் காட்டி இச்சிறு கேட்டை மறைத்தல் தகாது.

விளையாடுவோர் தம் உயிர்க்காகவேனும் அறியவேண்டிய மற்றொன்றும் உண்டு. ஆற்றின் நீர் நம் தலைமேற் பெய்யும் மழையால் மட்டும் வருவதன்று. மடுப் பக்கத்தில் வானம் வெளித்திருக்க, அநுராதபுரத்துக்கு மேலே பெய்த மழை வெள்ளமாய் வந்து சேரும். மாலையில் நாங்கள் திரும்பியபோது சாரதி முதலிற் பார்த்தது படுகையை அன்று, தென்கிழக்கு வானத்தை. "அங்கே மின்னினால் இங்கே இறங்கப்படாது" என்றார். அன்று மின்னவில்லை. காலையில் அடுக்கிய கற்கள் அங்கேயே கிடந்தன. அவற்றின்மேல் ஏறித் தடையின்றிக் கடந்தோம். கடந்தபின் அவர் சிறுவனோடு மீண்டும் இறங்கி, அக்கற்களைப் பிரித்துப் பழைய இடத்திலேயே போட்டுவிட்டு வந்தார். காரணம் வினவினேன். "வேறை ஆக்கள் இதை வழியெண்டு நம்பி இறங்கப் போறாங்கள், ஐயா" என்றார்.

கூத்துக் கொப்பியைக் கண்டேனா என்று வாசகர் கேட்கலாம். கண்டேன். முதற் பகுதியும் முடிவும் கறையானுக்கு இரையாகிவிட்டன, நடுப்பகுதி எஞ்சியிருந்தது. எஞ்சியதைப் படியெடுத்து வந்தேன். கொப்பிகளையும் ஏடுகளையும் காப்பதற்கு நாம் சங்கம் கூட்டுகிறோம், தீர்மானம் நிறைவேற்றுகிறோம், அது நற்பணியே. ஆனால் ஏட்டில் ஏறாமல் சாரதிகள், தோணிக்காரர், வயற்காரர், மாடு சாய்ப்போர் ஆகியோரின் வாயிலும் காலிலும் வாழும் தமிழைக் காக்க யாரும் கூடுவதில்லை. கறையான் அதனைத் தின்னாது. அதனை அறிந்த கடைசி மனிதரோடு அது போய்விடும்.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி மடுவுக்கு ஆற்றிடையுள்ள ஆழமான இடம் என்று பொருள் கூறுகிறது. நானும் அவ்வாறே கற்பித்து வந்தேன். அது பிழையன்று. ஆயினும் இவ்வாண்டு அப்பாடம் வந்தபோது கரும்பலகையில் வேறோர் உரையையும் கீழே எழுதினேன்: 'ஆறு வற்றினாலும் வற்றாத இடம்.' "இது எந்த நூலில் உள்ளது, ஐயா?" என்று ஒரு மாணவி எழுந்து கேட்டாள். அருவியாற்றில் உள்ளது என்றேன். பின்பு, வீட்டுக்குச் சென்று தத்தம் பெற்றோர் தொழிலில் வழங்குஞ் சொற்களுள் பத்தைப் பொருளோடு எழுதி வருமாறு எல்லாரையும் பணித்தேன். மறுநாள் வந்தவற்றுள் பாதிச் சொற்கள் எனக்குத் தெரியாதவை. அவற்றை இப்போது கற்றுக்கொண்டிருக்கிறேன்.